மூன்று கார்டு, நாலு லட்சத்து இருபதாயிரம் கடன்: எந்த வழியில் வெளியே வருவது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்குக் கோவையில் தனியார் நிறுவன வேலை, கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். மூன்று கிரெடிட் கார்டுகளில் 1,90,000, 1,50,000, 80,000 என்று மொத்தம் 4,20,000 நிலுவை. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போக மாதம் 15,000 மிஞ்சுகிறது. ஒன்றரை வருடமாக மினிமம் மட்டும் கட்டி வருகிறார். அதற்கும் பணம் போதாமல் ஒரு கார்டைக் கடையில் தேய்த்துப் பணமாக வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டுகிறார். மனைவியின் நகை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கடன் விஷயம் மனைவிக்குத் தெரியாது. பெர்சனல் லோன் எடுத்து அடைக்கலாமா, வங்கியிடம் செட்டில்மென்ட் (ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து மீதியைக் கட்டி முடிப்பது) பேசலாமா, 'பாதியில் முடித்துத் தருகிறோம்' என்று கூப்பிடும் நிறுவனத்திடம் போகலாமா, கட்டாமல் விட்டால் போலீஸ் வருமா என்று கேட்கிறார்.

நான் வங்கியின் கடன் வசூல் பிரிவில் பல வருடம் இருந்தவன். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இந்தியாவில் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கும். உங்களுக்கு 3.5 என்று வைத்துக்கொள்வோம். 4,20,000க்கு மாத வட்டி 14,700. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 2,646. ஆக மாதம் 17,346 ரூபாய் போகிறது, அசலில் ஒரு ரூபாய் குறையாமல். உங்கள் கையில் மிஞ்சுவது 15,000. அதாவது சிக்கனமாக இருந்து, மிஞ்சுகிற மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் இந்தக் கடன் மாதாமாதம் வளரத்தான் செய்யும். மினிமம் என்பது பொதுவாக நிலுவையில் 5 சதவீதம், உங்களுக்கு 21,000. கையில் 15,000 வைத்துக்கொண்டு 21,000 கட்டுவதற்கு வழி தேடியதில்தான் கார்டு தேய்க்கும் கடை உள்ளே வந்திருக்கிறது. அந்தக் கடைக்காரர் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கமிஷன் எடுத்துக்கொள்கிறார், அதுவும் கடனோடு சேருகிறது. கார்டு ஒப்பந்தப்படி இது விதிமீறலும்கூட. வங்கி கவனித்தால் கார்டை முடக்கிவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், முழு நிலுவையையும் கட்டாத வரை உங்களுக்கு வட்டியில்லா நாட்கள் என்பதே கிடையாது. இந்த மாதம் கார்டில் வாங்கிய அரிசிக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடுகிறது. 'மினிமம் கட்டிவிட்டேன், ஒழுங்காகத்தான் இருக்கிறேன்' என்கிற நிம்மதி தாமதக் கட்டணத்துக்கும் சிபில் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து ஸ்கோர் போடும் நிறுவனம்) பதிவுக்கும் பொருந்தும், வட்டிக்குப் பொருந்தாது.

சரி, 'இவ்வளவு வட்டி சட்டப்படி செல்லுமா, கோர்ட்டுக்குப் போனால் குறையாதா' என்று சிலர் கேட்பார்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதத்தைக் காட்டி வழக்காடும் பாதை இப்போதைக்கு மூடியாகிவிட்டது. அதை நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கார்டுக் கடனில் இருந்து வெளியே வர இரண்டு பாதைகள்தான் உண்டு. ஒன்று, கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றி முழுசாகக் கட்டி முடிப்பது. இன்னொன்று, முழுசாகக் கட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டு, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு வங்கியிடம் பேரம் பேசுவது. முதல் பாதையில் செய்யவேண்டிய காரியம் இரண்டாவது பாதையில் தற்கொலைக்குச் சமம். உதாரணமாக, கட்டி முடிக்கக் கூடியவருக்கு நகைக்கடன் மிக நல்ல வழி. கட்ட முடியாதவர் நகையை அடகு வைத்தால் கார்டுக் கடனும் மிச்சம் இருக்கும், நகையும் ஏலத்துக்குப் போகும். வசூல் பிரிவில் நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை நொடித்துப் போனது, எந்தப் பாதை என்று முடிவு செய்யாமல் இரண்டிலும் கால் வைத்ததால்தான்.

உங்கள் பாதை எது என்று பார்க்க நான் பயன்படுத்தும் கணக்கு எளியது. மாதம் மிஞ்சும் தொகையை 36ஆல் பெருக்குங்கள். அது மொத்தக் கடனைவிடக் கால்பங்காவது கூடுதலாக இருந்தால் முதல் பாதை. இது விதி அல்ல, என் அனுபவக் கணக்கு. உங்களுக்கு 15,000 பெருக்கல் 36, அதாவது 5,40,000. கடன் 4,20,000, கால்பங்கு சேர்த்தால் 5,25,000. மயிரிழையில் முதல் பாதையில் இருக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

முதல் பாதையில் வட்டியை எங்கே மாற்றுவது? நகை இருக்கும்போது வேறெதையும் யோசிக்காதீர்கள். வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, நகைக்கடன் வட்டிக்கும் பெர்சனல் லோன் வட்டிக்கும் ஜிஎஸ்டி கிடையாது. சிபில் ஸ்கோர் அடிபட்டவருக்கும் நகைக்கடன் கிடைக்கும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது நகையைத்தான். ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு விதிகளின்படி 2,50,000 வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். தெருமுனை அடகுக் கடை வேண்டாம், ரசீதில் எழுதும் வட்டி ஒன்று, வாங்கும் வட்டி ஒன்று.

ஆனால் நகை உங்கள் மனைவியுடையது. அவருக்குச் சொல்லாமல் இந்தத் திட்டம் தொடங்கவே முடியாது, தொடங்கவும் கூடாது. அறிவுரைக்காக இதைச் சொல்லவில்லை, நடைமுறைக்காகச் சொல்கிறேன். மூன்று வருடம் வீட்டுச் செலவை இறுக்கிப் பிடிக்க வேண்டியவர் அவர். கார்டு பில்லை மறைத்து வைத்திருக்கும் வீட்டில் அந்த இறுக்கம் நான்கு மாதம்கூடத் தாங்காது. எந்தக் கார்டில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ஒரே தடவையில் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதி பிறகு தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கிறேன். நகையின் மேல் 2,30,000 வாங்கி 1,50,000 கார்டையும் 80,000 கார்டையும் ஒரே நாளில் முழுதாக அடைத்து மூடுங்கள். நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 1,917. மீதி 1,90,000 இருக்கும் கார்டின் வங்கியைக் கூப்பிட்டு, நிலுவையை 24 மாத இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை சுமார் 9,490, வட்டிக்கு மட்டும் ஜிஎஸ்டி உண்டு, ஆரம்பத்தில் மொத்தம் 10,000 வரும். இரண்டும் சேர்த்து 12,000க்குள். கையில் மிஞ்சும் மூவாயிரத்தை மாதாமாதம் நகைக்கடன் அசலில் கட்டுங்கள். இரண்டு வருடத்தில் கார்டு முடிந்ததும் முழு 15,000மும் நகைக்கு. மொத்தம் மூன்று வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். இன்று வட்டிக்கும் வரிக்கும் மட்டுமே 17,346 கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 15,000ஐப் பாருங்கள்.

ஏன் சின்னக் கார்டுகளை முதலில் மூடச் சொல்கிறேன்? அதிக வட்டி உள்ளதை முதலில் அடை என்பார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் அது சரி. நம் ஊரில் மூன்று கார்டின் வட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் லாபம்: இரண்டு டியூ டேட், இரண்டு ஆண்டுக் கட்டணம், இரண்டு இடத்தில் மறுபடி தேய்க்கும் சபலம் எல்லாம் ஒழிகிறது.

இஎம்ஐயாக மாற்றும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்னதாக முடித்தால் அபராதம் எவ்வளவு. 'மாதம் 1.5 சதவீதம்தான் சார்' என்று சொல்வார்கள். அது குறையும் அசலுக்கா, ஆரம்ப அசலுக்கா என்பதைத் தவணைத் தொகையைக் கேட்டுச் சரிபாருங்கள். 1,90,000க்கு 24 மாதத் தவணை 9,500க்கு ரொம்ப மேலே போனால் கணக்கில் ஏதோ இருக்கிறது. ஒழுங்காக மினிமம் கட்டி வருகிறவருக்குத்தான் இந்த வசதி சுலபமாகக் கிடைக்கும். ஒரு தவணை தவறிவிட்டால் 'மாற்ற முடியாது' என்பார்கள். உங்கள் மினிமம் பதிவு இதற்காவது உதவட்டும்.

அப்புறம் பெர்சனல் லோன். நகையே இல்லாதவருக்கு இதுதான் வழி. எண்களில் பார்த்தால் மிகக் கவர்ச்சியானது: 3,00,000 கார்டு நிலுவைக்கு மாத வட்டியும் வரியுமே 12,390. அதே 3,00,000ஐ 16 சதவீதத்தில் மூன்று வருடப் பெர்சனல் லோனாக எடுத்தால் அசலும் வட்டியும் சேர்ந்த தவணையே சுமார் 10,550தான். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கார்டு லிமிட் முழுவதையும் பயன்படுத்தி வைத்திருப்பவரின் ஸ்கோர் இறங்கியிருக்கும், அவருக்கு 16 கிடைக்காது, 22, 24 என்பார்கள். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட ஜாமீன் இல்லாக் கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தைக் கூட்டியதிலிருந்து வங்கிகள் இன்னும் கெடுபிடியாகத்தான் இருக்கின்றன. வங்கி மறுத்ததும் போன் ஆப்பில் எடுக்காதீர்கள், அங்கே வட்டியும் கட்டணமும் சேர்ந்து கார்டையே மலிவாக்கிவிடும்.

இரண்டாவது எச்சரிக்கையை யாரும் சொல்வதில்லை. கார்டு பில்லைக் கட்டாமல் விடுவது சிவில் விவகாரம். பெர்சனல் லோனுக்கு உங்கள் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்க 'நாச்' உத்தரவில் கையெழுத்துப் போடுகிறீர்கள். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் முறைமைகள் சட்டம் பிரிவு 25இன்படி அது குற்றம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138இல் என்ன நடக்குமோ, அதேதான், இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. நடைமுறையில் நோட்டீஸ் கொடுத்துக் கட்ட அவகாசம் தந்த பிறகுதான் வழக்கு. ஆனாலும் சிவில் கடன் ஒன்றை கிரிமினல் சாயம் உள்ள கடனாக மாற்றுகிறோம் என்பது தெரிந்து மாற்றுங்கள். மூன்று வருடம் தவணை தவறாது என்ற நம்பிக்கை உள்ளவர் மட்டும் எடுக்கட்டும்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு கார்டின் நிலுவையை வேறு வங்கிக் கார்டுக்கு மாற்றுவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில மாதங்களுக்கு வட்டி குறையும், கட்டணம் உண்டு, காலம் முடிந்ததும் பழைய வட்டி. ஆறு மாதத்தில் போனஸ் வரப்போகிறது என்பவருக்கு மட்டும் பயன்.

இனி இரண்டாவது பாதை. வேலை போய்விட்டவர், கடன் எட்டு ஒன்பது லட்சம் என்று போய்விட்டவர், வீட்டில் பெரிய மருத்துவச் செலவு வந்தவர் இவர்களுக்கானது. உங்கள் திட்டம் இடையில் உடைந்தால் உங்களுக்கும்.

இவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது, மினிமம் கட்டுவதற்காகக் கடன் வாங்குவதை. நகையை அடகு வைக்காதீர்கள், பிஎஃப் பணத்தை எடுத்துக் கொட்டாதீர்கள், கந்துவட்டிப் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள். கார்டு வங்கி போன் செய்தாலும் ஆள் அனுப்பினாலும் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்காருவார். தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது, வாசலில் உட்காருவது நின்றபாடில்லை.

அடுத்தது, கார்டு கொடுத்த அதே வங்கியில் உங்கள் சம்பளக் கணக்கோ டெபாசிட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் உரிமை எழுதியிருக்கும். சம்பளம் வந்த அன்று கணக்கு முடங்கி, வாடகை கொடுக்க முடியாமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுங்கள். கார்டுக்கு ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள்.

பிறகு வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மின்னஞ்சல் போதும். என்ன நடந்தது, மாதம் எவ்வளவு முடியும், வட்டியை நிறுத்தி அசலைத் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று நான்கு வரி. பெரும்பாலும் முதல் பதில் 'முடியாது' என்றுதான் வரும். பரவாயில்லை, ஓடி ஒளியவில்லை என்பதற்கு அது சாட்சி.

அதன்பின் என்ன நடக்கும்? மினிமம் தொகை டியூ டேட்டிலிருந்து 90 நாட்களுக்குள் கட்டப்படாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகும். சிபிலில் விழும். அதைப் பதியும் முன் உங்களுக்கு ஏழு நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு கார்டு விதி. வசூல் ஏஜென்சியிடம் போகும். போன் வரும், ஆள் வருவார். ஒரு கட்டத்தில் வங்கி அதைத் தன் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளும். 'ரைட் ஆஃப் ஆகிவிட்டது, இனி கட்ட வேண்டாம்' என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அது வங்கியின் கணக்கு வழக்கு மட்டும், கடன் அப்படியே இருக்கும்.

போலீஸ் வருமா என்ற கேள்விக்கு நேரான பதில்: பொய்ச் சம்பளச் சான்று கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் தவிர, பில் கட்டவில்லை என்பதற்காகக் கைது கிடையாது. 'வாரண்ட் ரெடி, ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன்' என்று வரும் போன் ஏஜெண்டுடையது. வங்கி சிவில் வழக்குப் போடலாம், ஒப்பந்தத்தில் இருந்தால் மத்தியஸ்தம் போகலாம். கடைசியில் தீர்ப்பு வாங்கினாலும் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 வரம்பு வைத்திருக்கிறது: முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாது. ஒரே தீர்ப்புக்கு 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது. 45,000 சம்பளத்தில் அதிகபட்சம் 14,700க்குள். நீதிமன்றம் பிடிக்கக்கூடியதைவிட அதிகமாக வட்டியே ஏறிக்கொண்டிருக்கும் நிலையில்தான் நீங்கள் இன்று இருக்கிறீர்கள். பிஎஃப், கிராஜுவிட்டி இரண்டையும் தொட முடியாது. ஆனால் உங்கள் பெயரில் வீடோ மனையோ இருந்தால் அதை முடக்கக் கேட்கலாம். சொத்து உள்ளவர்கள் இந்தப் பாதையில் இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள்.

வசூல் ஆட்களுக்கு நேரம் உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாரிடம் அவமானப்படுத்தக் கூடாது, உறவினருக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது. மீறினால் தேதி, நேரம், நம்பர் குறித்து, முடிந்தால் பதிவு செய்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) இணையத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், உதவி எண் 14448. உள்ளே இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒம்புட்ஸ்மேன் புகார் எண் ஒன்று வந்துவிட்டால் அந்தக் கோப்பு கிளையிலிருந்து மேலே போய்விடும், பேசுகிற தொனியே மாறும். ஆனால் அந்தப் புகார் தொல்லையை நிறுத்துமே தவிர கடனைக் குறைக்காது.

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள், போங்கள். வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் முடிவாகாது. வங்கியிலிருந்து முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் நேரில் வந்து உட்காரும் அபூர்வமான இடம் அது. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட் பேரம் எப்படி? எவ்வளவு தள்ளுபடி தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கணக்கு எவ்வளவு பழையதோ அவ்வளவு இறங்குவார்கள். மார்ச் மாதக் கடைசியில், காலாண்டுக் கடைசியில் வசூல் இலக்கு துரத்தும், அப்போது பேசினால் குரல் இளகும். வட்டி, அபராதம், வரி எல்லாம் சேர்த்த தொகையிலிருந்து பேரத்தைத் தொடங்க விடாதீர்கள், 'கார்டில் நான் உண்மையில் செலவு செய்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு' என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள். மொத்தமாகக் கட்டக் கையில் பணம் சேர்ந்த பிறகே பேச்சு. ஆறு தவணையில் செட்டில்மென்ட் என்று ஒப்புக்கொண்டு மூன்றாவதில் தவறினால் ஒப்பந்தம் ரத்து, கட்டியது வட்டியில் கழியும்.

பணம் கட்டும் முன் வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ லெட்டர்பேடிலோ கடிதம் வேண்டும். அதில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, இதன்பின் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் நான்கும் இருக்க வேண்டும். ஏஜெண்டின் வாட்ஸ்அப் செய்தி கடிதம் ஆகாது. ஏஜெண்டின் கையிலோ அவருடைய ஜிபேயிலோ பணம் போடாதீர்கள், கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். ஒரு வங்கியில் முடித்த கடனை இரண்டு வருடம் கழித்து வேறு ஏஜென்சி கேட்டு வருவது சாதாரணம், அன்றைக்கு அந்தக் கடிதம்தான் பேசும்.

இதற்கு விலை உண்டு. சிபிலில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கும்போது உறுத்தும். ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி செட்டில்மென்ட் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக்கூடாது. உங்களைப் போல முழுசாகக் கட்டக் கூடியவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கட்டவே முடியாதவருக்கோ ஸ்கோர் ஏற்கெனவே போய்விட்டது, 'செட்டில்டு' அவருக்கு முன்னேற்றம்.

'பாதியில் முடித்துத் தருகிறோம்' என்கிற நிறுவனங்கள் செய்வது, நீங்களே செய்யக்கூடிய இதே வேலையைத்தான். 'இன்றிலிருந்து கட்டாதீர்கள், எங்களுக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுங்கள்' என்பார்கள். கணக்கு வாராக்கடன் ஆனதும் வங்கி தானாக இறங்கி வரும், அதைத் தங்கள் சாமர்த்தியம் என்று காட்டுவார்கள். வங்கியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதுவும் அவர்களுக்கு இல்லை. முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

கடைசிப் புகலிடம் ஒன்று உண்டு, நம் ஊரில் மஞ்சள் கடுதாசி என்பார்கள். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிமனிதருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் அமலாகவில்லை. அதனால் 1920ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழ்தான், சென்னையில் என்றால் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தில், மனுப் போட வேண்டும். சட்டம் எவ்வளவு பழசு என்றால், கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம். திவாலானவர் அதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். சொத்துகள் எல்லாம் நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும், விடுவிப்பு வரும்வரை நிறுவன இயக்குநராக முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. பல லட்சம் கடன், பல இடத்துக் கடன், வருமானமே இல்லை என்ற நிலைக்கு மட்டும் இது. வெறும் கார்டுக் கடனுக்கு இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் இந்த வாரம் செய்யவேண்டியது: இன்று இரவு மனைவியிடம் பேச்சு. நாளை மூன்று ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து, வட்டி விகிதமும் முழு நிலுவையும் குறித்துக்கொள்ளுங்கள். நகைக்கடனுக்கு இரண்டு வங்கியிலும் ஒரு கூட்டுறவு வங்கியிலும் விசாரியுங்கள். 12 மாதத்தில் மொத்தமாகத் திருப்பும் வகையா, இடையில் அசலில் கட்டலாமா என்று கேளுங்கள், இடையில் கட்ட அனுமதிக்கும் இடத்தில்தான் வையுங்கள். பணம் வந்த அன்றே இரண்டு கார்டையும் அடைத்து, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அடைத்துவிட்டு 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று பர்ஸில் வைத்தவர்கள் ஒரு வருடத்தில் நகைக்கடனோடு புதுக் கார்டுக் கடனும் சேர்த்துக்கொண்டு வந்ததை நிறையப் பார்த்தாயிற்று. பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூட விடாமல் 'ஆண்டுக் கட்டணம் இல்லாமல் தருகிறோம், லிமிட்டைக் கூட்டித் தருகிறோம்' என்று நல்ல குரலில் ஒருவர் பேசுவார். அவருக்கும் ஒரு இலக்கு இருக்கிறது.

மூடியதாக உறுதி வந்த இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். இரண்டு கார்டும் 'குளோஸ்டு', பாக்கி பூஜ்யம் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிபிலிலும் வங்கியிலும் திருத்தக் கேளுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். மூன்றாவது கார்டை இஎம்ஐயாக மாற்ற வங்கி மறுத்தால், மறுத்த பதிலையும் அவர்கள் சொன்ன காரணத்தையும் எழுதிக் கேளுங்கள், அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.